கவோர் பதவிக்கு நான் வந்த கதை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது கண்கலங்கி ஒன்றைக் கேட்டால், அது என்னவென்று விசாரிக்காமலே சரி என்று தலையாட்டிவிடுவேன். கண்கலங்கியவரிடம் விவரம் கேட்பது மரியாதையில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. இந்தப் பழக்கத்தால்தான் யாருடையதோ ஒரு பியானோ எங்கள் கராஜில் நான்கு வருடமாக நிற்கிறது. இதே பழக்கத்தால்தான் நான் கவோரும் ஆனேன்.

ஆக்லாந்தில் விரி என்ற பகுதியில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் எனக்கு வேலை. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று கணினியைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களில் ஒருவன் ஆர்மீனியாக்காரன், யெரெவான் ஊர். முப்பத்துநான்கு வயது, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, ஆனால் சட்டென்று கண்ணீர் வந்துவிடும். ஒருநாள் தேநீர் இடைவேளையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, தனக்குக் கல்யாணம் என்றான். பெண்ணும் ஆர்மீனியப் பெண்தான், ஆனால் பெய்ரூட்டில் பிறந்து வளர்ந்தவள்.

"நீங்கதான் எனக்குக் கவோரா இருக்கணும்," என்றான்.

கண் கலங்கியிருந்தது. நான் தலையாட்டினேன். அவன் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்த வேகத்தில் என் சாப்பாட்டு டப்பா கவிழ்ந்து மேசையெல்லாம் புளியோதரை ஆனது.

எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். என் காதில் விழுவது என்னவோ தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன். என் மனைவி ஆங்கிலம் பேசினால் அது யாழ்ப்பாணத் தமிழாக விழும், ஏனென்றால் அவள் யாழ்ப்பாணத்துக்காரி. நான் திருச்சி. அவள் எதையும் விசாரிக்காமல் விடமாட்டாள்.

"கவோர் எண்டால் என்ன?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. கோட்டு போட்டுக்கிட்டுப் பக்கத்துல நிக்கணும், அவ்வளவுதான்."

"அவர் சொன்னவரோ, இல்லை நீங்களாய் நினைச்சதோ?"

நானாக நினைத்ததுதான். மறுநாள் அவனிடமே கேட்டபோது விஷயம் வேறாக இருந்தது. கவோர் என்பது பரம்பரைப் பதவி. அப்பாவின் கவோருடைய மகன்தான் பிள்ளைக்குக் கவோர். அந்த மகனுக்கு நியூசிலாந்து விசா சரியான நேரத்துக்குக் கிடைக்கவில்லை, அதனால்தான் என்னிடம் வந்தான். தேவாலயத்தில் நடக்கும் கல்யாணம் என்றால் கவோர் மணமக்களின் தலைக்கு மேல் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே பதிவுத் திருமணம்தான் என்பதால் நெற்றியில் திருநீறோடு நான் நிற்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பிள்ளை பிறந்தால் ஞானத்தந்தையும் கவோர்தான். கவோரின் மனைவிக்கும் பட்டம் உண்டு, கவோர்கின். எல்லாவற்றுக்கும் மேலாக, புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் இரண்டு வீட்டாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். கவோரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

இந்தக் கடைசி விஷயம் எனக்குப் பிடித்துப்போனது. என் வீட்டில் குளிருக்குப் போடுகிற ஹீட் பம்ப்பை எத்தனை டிகிரியில் வைப்பது என்பதில்கூட என் பேச்சு எடுபடாது. ஒரு பெரிய மனுஷனாக நடந்துகொள்ள எனக்கு வாய்த்த முதல் சந்தர்ப்பம் இது. அந்த வாரம் முழுவதும் கிடங்கில் கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உலகத்தில் எந்தச் சொல்லைக் கேட்டாலும் அதன் பிறந்த வீடு தமிழ்தான் என்று நிரூபிக்காவிட்டால் சோறு இறங்காத கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். மாவோரி மொழியில் மதிப்பைக் குறிக்கும் 'மனா'வுக்கும் நம் மானத்துக்கும் முடிச்சுப் போட்டு, எங்கள் மாவோரி மேற்பார்வையாளருக்கே ஒருமுறை விளக்கியிருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, லாரி வந்துவிட்டது என்று போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், லாரி எதுவும் வரவில்லை. அப்படிப்பட்டவன் கையில் கவோர் கிடைத்தால் விடுவேனா? காவல், காவலோர், இடையில் ஓர் எழுத்து தேய்ந்து கவோர். அரை நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் கவோரை வீட்டுக்கு வந்து மேளத்தோடு அழைத்துப்போவது அவர்கள் வழக்கம். பாப்பாடோய்டோயில் எங்கள் தெருவுக்குள் நான்கு கார்கள் வந்தன. நாதஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு குழல், கூடவே ஒரு மேளம். இரண்டையும் சேர்த்து எங்கள் லெட்டர்பாக்ஸ் பக்கத்தில் நின்று அரை மணி நேரம் வாசித்தார்கள். யாரோ புகார் சொல்லி, நகராட்சியிலிருந்து சத்தத்தை அளக்கிற ஆள் ஒருவர் வந்தார். அவர் கையில் ஒரு தட்டு பலகாரத்தைக் கொடுத்து, இவர்தான் கவோர் என்று என்னைக் காட்டினார்கள். அவர் ஏனோ எனக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

புக்கெகோஹியில் வெங்காய வயலை ஒட்டிய ஒரு ஹாலில் விருந்து. கவோர் பேச வேண்டும் என்றார்கள். பேசினேன். கவோர் என்பது காவலோர் என்ற தூய தமிழ்ச் சொல், எந்தக் காலத்திலோ மிளகு மூட்டையோடு கப்பலேறி ஆர்மீனிய மலைகளுக்குப் போயிருக்க வேண்டும், இன்று அது என்னோடு வீடு திரும்பியிருக்கிறது என்றேன். கைதட்டினார்கள். குடித்திருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மணப்பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் என் போன் அடித்தது. ஆர்மீனியாவிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா. அங்கே அப்போது விடிந்திருக்கவே விடிந்திருக்காது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் மொழிபெயர்க்கிற ஆப் வழியாகத்தான் பேசுவார். அவர் ஒரு நிமிடம் அழுவார். அதன் பிறகு, இடதுபக்கம் திரும்பவும் என்று காரில் வழி சொல்லுமே, அதே நிதானமான குரல் அந்த அழுகையை எனக்கு எடுத்துச் சொல்லும். "கவோர் அவர்களே. என் மகனின் வீடு எரிகிறது. தண்ணீர் கொண்டு வாருங்கள்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிஜமான நெருப்பு இல்லை என்று புரிய இரண்டு நிமிடம் ஆனது.

நடந்தது இது. மாப்பிள்ளை தினமும் இரவுச் சாப்பாட்டின்போது போனை உப்பு டப்பாமேல் சாய்த்துவைத்து அம்மாவுக்கு வீடியோ கால் போடுவான். இங்கே ஏழு மணி என்றால் அங்கே காலை பதினொன்று. அம்மா காபி குடித்துக்கொண்டே இவர்கள் சாப்பிடுவதைப் பார்ப்பார். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வாரா? எதில் என்ன குறை என்றும் சொல்வார். முந்தின நாள் மருமகள் எழுந்தாள், போனை எடுத்தாள், மாமியார் பேசிக்கொண்டிருக்கும்போதே அதைக் கொண்டுபோய்ப் பிரிட்ஜுக்குள் வைத்து மூடிவிட்டாள். "நான் பதினொரு நிமிடம் குளிரில் இருந்தேன்," என்றது நிதானமான குரல். "கதவு மூடுவதற்குள் பார்த்துவிட்டேன். தயிர் கடையில் வாங்கியது."

மாப்பிள்ளை கத்தியிருக்கிறான். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வெஸ்ட்கேட்டில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறு காலை சிட்னிக்கு, அக்கா வீட்டுக்கு, டிக்கெட் போட்டுவிட்டாள். போவதற்கு மட்டும்தான் டிக்கெட், திரும்பி வருவதற்கு இல்லை. "அவள் போனால் வரமாட்டாள். என் மகனுக்கு வேறு யாருமில்லை. நீங்கள் கவோர். நீங்கள் சொன்னால் கேட்பாள்."

நான் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கவோர்கின் இல்லாமல் போகக்கூடாது என்று மனைவியையும் கூட்டிக்கொண்டேன். மோட்டார்வேயில் என் தீர்ப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

"என்னத்தைச் சொல்லப் போறியள்?" என்றாள்.

"ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்குன்னு சொல்லுவேன். விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லுவேன்."

"அந்தப் பிள்ளையிட்டை ஏதும் கேப்பியளோ, இல்லை தீர்ப்பு மட்டும்தானோ?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? போனை பிரிட்ஜ்ல வெச்சிருக்கா."

"நல்ல யோசனை. எனக்கு அந்தக் காலத்திலை வராமல் போச்சு," என்றாள். அதற்குப் பிறகு வாட்டர்வியூ சுரங்கப்பாதையைத் தாண்டியும் அவள் பேசவில்லை. நான் தீர்ப்பின் முடிவுரையில் இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

வெஸ்ட்கேட்டில் எல்லா வீடும் புதிது, எல்லா வீடும் ஒரே சாம்பல் நிறம். எந்த வீடு என்று தேடவேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை மழையில் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தான். கவோர் வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று அவள் சொல்லிவிட்டாளாம். "கவோர் ஜான்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். ஜான் என்றால் உயிர் என்று பொருள், அன்பானவர்கள் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். கை ஐஸாக இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்று கேட்டேன். காலையிலிருந்து என்றான்.

சிநேகிதி எங்களுக்கு இடம் விட்டுக் கடைக்குப் போயிருந்தாள். வாசலுக்கருகில் பெட்டி பூட்டித் தயாராக நின்றது. நான்கு பேரும் உட்கார்ந்தோம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு. அவன் கத்தினது தப்பு. நீ போனை பிரிட்ஜ்ல வெச்சதும் தப்பு. என்ன இருந்தாலும் அவங்க வயசுல பெரியவங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போனா..."

அந்தப் பெண் கையைத் தூக்கி நிறுத்தினாள். "கவோர்ன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"காவலோர்," என்றேன்.

"அந்தப் பேச்சை நானும் கேட்டேன். கல்யாண நாளாச்சேன்னு சும்மா இருந்தேன்." அவள் பெய்ரூட்டில் ஆர்மீனியப் பள்ளியில் படித்தவள், பழைய ஆர்மீனிய மொழியும் படித்திருக்கிறாள். "எங்க பக்கத்துல இந்தச் சொல்லை அதிகமாச் சொல்றதில்ல. நாங்க முத்திரை வைக்கிற அப்பான்னு அர்த்தம் வர்ற மாதிரி வேற ஒண்ணு சொல்வோம், அது ஞானஸ்நானத்துலேர்ந்து வந்தது. கவோர் இவங்க ஊர்ச் சொல். 'கவெல்'னு ஒரு வினை. பாவத்தைக் கழிக்கிறது, பிராயச்சித்தம் பண்றதுன்னு அர்த்தம். அதைச் செய்யறவன் கவோர். செத்த பிறகு பாவம் கழியறவரைக்கும் காத்துக் கிடக்கிற இடம் இருக்கில்ல, அதுக்கும் அதே வேர்லேர்ந்துதான் பேர். ஊர்ப் பாவத்தையெல்லாம் தலையில ஏத்தித் துரத்திவிடற ஆடு இருக்கில்ல, அதோட பேரும் அங்கேர்ந்துதான்."

"அந்த வேர் எங்கேர்ந்து வந்தது?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதுல எங்க வாத்தியார்களுக்குள்ளயே சண்டை. நிச்சயமா திருச்சியிலேர்ந்து இல்ல."

காவல் இல்லையா, அப்படியென்றால் காவு. அந்த நிலைமையிலும் என் மூளை தமிழில் ஒரு வேரைத் தேடிக் கண்டுபிடித்தது. நல்லவேளையாக வாயைத் திறக்கவில்லை. என் மனைவி மட்டும் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "கவோர் தீர்ப்புச் சொல்ல வர்றவர் இல்ல. எங்க தப்பைத் தன் தப்பா எடுத்துக்க வர்றவர். அத்தை என்னைச் சொன்னது எனக்குப் பெரிசில்ல. நான் இலையில சுருட்டிப் பண்ற டோல்மாவுல பட்டை போட்டா மருந்துக்கடை வாசனை அடிக்குதுன்னாங்க. நான் பேசற ஆர்மீனியனே அரபி மாதிரி இருக்குன்னாங்க. மாமியார் பேசுவாங்க, பேசட்டும். ஆனா இவன் சிரிச்சான். அவங்ககூடச் சேர்ந்துக்கிட்டு, என்னை மாதிரியே பேசிக்காட்டிச் சிரிச்சான். என் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு, என் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டு. அந்தத் தப்பை நீங்க எப்படி உங்க தப்பா எடுத்துப்பீங்க? சொல்லுங்க, கேட்டுட்டு நாளைக்குப் போறேன்."

மாப்பிள்ளை தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, எதிர்வீட்டு கராஜ் கதவுதான்.

அந்தப் பெண் சொன்ன தப்பை நான் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஏற்கெனவே என்னிடம் ஒன்று இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அதற்குத் தப்பு என்று பெயர் வைக்காமல் வைத்திருந்தேன். என் மனைவியைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தே சொன்னேன்.

கல்யாணமான புதிதில் இவளைத் திருச்சிக்குக் கூட்டிப்போயிருந்தேன். வீடு நிறைய என் ஆட்கள். கோயிலுக்குப் போகலாம் என்று அக்கா கூப்பிட்டபோது, "ஓம், வெளிக்கிட்டு வாறன்," என்றாள் இவள். புறப்பட்டு வருகிறேன் என்று அர்த்தம், அவ்வளவுதான். எங்கள் ஊரில் வெளிக்கு என்றால் கொல்லைக்குப் போவது, எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் அதே மாதிரி சொல்லிக்காட்டினார். பிறகு நானும் சொல்லிக்காட்டினேன், அத்தானைவிட நன்றாகவே. கைகூடத் தட்டினார்கள். இவளும் சிரித்தாள். அதனால் எல்லாம் தமாஷ்தான் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு என் ஆட்கள் முன்னால் இவள் பேசுவதே இல்லை. போனில் கேட்டால் ஒரு சொல், இரண்டு சொல். உன் பெண்டாட்டி ரொம்ப அமைதி என்று அக்கா சொல்வாள், ஆமாம், அது அவள் சுபாவம் என்று நான் சொல்வேன். இவள் அமைதியானவள் இல்லை. இவ்வளவு பேசுகிற ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் சுபாவம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு ஏழு பேர் சிரிச்சாங்க," என்று முடித்தேன்.

"எட்டுப் பேர்," என்றாள் என் மனைவி, ஜன்னலைப் பார்த்தபடியே. "உங்களை எண்ணாமல் விட்டிட்டியள்."

"எட்டுப் பேர்," என்றேன். பிறகு தமிழில், அவளிடம், "தப்புதான். மன்னிச்சுக்கோ," என்றேன். அவ்வளவு சின்ன வாக்கியம். எனக்கு வேர்த்துவிட்டது. அவள் திரும்பவில்லை, ஆனால் கைப்பையைத் திறந்து டிஷ்யூவைத் தேடினாள். அதில் சாவி, மாத்திரை, சில்லறை, பழைய ரசீதுகள் எல்லாம் வந்தன, டிஷ்யூ மட்டும் வரவில்லை. மாப்பிள்ளை எழுந்து சமையலறையிலிருந்து பேப்பர் டவலை ரோலாகவே கொண்டுவந்து கொடுத்தான். கொடுப்பதற்கு முன் தனக்கும் கொஞ்சம் கிழித்துக்கொண்டான்.

உட்காரவில்லை. நின்றபடியே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். அவன் ஆர்மீனிய மொழியில் பேசப் பேச, அந்தப் பெண் எங்களுக்காகத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தாள், முகத்தில் எதையும் காட்டாமல்.

"'நான் சிரிச்சது தப்பு'ங்கறான். 'அவ பேச்சை நக்கல் பண்ணினது அசிங்கம்'ங்கறான். 'இனிமே சாப்பாட்டு நேரத்துல உன்னை மேசையில வெக்கமாட்டேன், ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடறேன்'ங்கறான். அத்தை அழறாங்க. ஏன் திடீர்னு இப்படிப் பேசறேன்னு கேக்கறாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "கவோர் அங்க இருக்காரான்னு கேக்கறாங்க. இருக்கார்ங்கறான். அப்ப சரிங்கறாங்க."

அவன் போனை வைத்துவிட்டு நின்றான். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்கிற பயம் அவ்வளவு பெரிய உடம்பில் எங்கெல்லாமோ தெரிந்தது. எனக்கும் அதே பயம்தான். பெட்டி வாசலருகே அப்படியே நின்றது.

அந்தப் பெண் அவனைப் பார்க்கவில்லை. என் மனைவியைத்தான் பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷம் ஏன் நீங்க ஒண்ணும் சொல்லல?"

என் மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யோசித்துத்தான் சொன்னாள்.

"எங்களுக்கு ஒரு கவோர் இருக்கேல்லையே, பிள்ளை."

அந்தப் பெண் எழுந்து போய்ப் பெட்டியின் பிடியை வெளியே இழுத்து, உருட்டிக்கொண்டு வந்து தன் புருஷன் கையில் கொடுத்தாள்.

"பாரமா இருக்கு," என்றாள். "காரை வாசல்கிட்ட கொண்டுவா."